கேட்டுக்கார முருகம்மாளுக்குப் புது வால்வு

முருகம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றில் போயிருக்கிறது. வேலை மருந்து அறையில்; காலையில் வேலைக்கு வரும் பெண்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பதும் அவள்தான். ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு, சாவிக்கொத்து எதுவும் உள்ளே போகக் கூடாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் வெடிமருந்து கலக்கும் அறை தரைமட்டம். கல்யாணமான புதிதில் ஒருத்தி மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"புருசன் நல்லாயிருக்கணும்னுதானே போட்டிருக்க? நீ வெடிச்சுப் போனா அவன் அடுத்த முகூர்த்தத்துலயே மாலை மாத்திருவான். கழட்டு தாயி."

கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அப்படிப்பட்ட முருகம்மாள் இந்த வருடம் கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடப்பதற்குள் வழியில் உட்கார ஆரம்பித்தாள். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் செய்யும் மகள் பானுப்பிரியா, லீவு போட்டு மதுரைக்கு அழைத்துப் போனாள். எக்கோ எடுத்தார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்து வால்வு ஒன்றைக் கெடுத்திருக்கிறது. சரியாகத் திறக்க மாட்டேன் என்கிறது. மாற்றியே ஆக வேண்டும்.

"ரெண்டு வகை இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஒண்ணு செயற்கை வால்வு. ஆயுசுக்கும் உழைக்கும், ஆனா ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடணும். இன்னொண்ணு மாட்டோட திசுவுல செஞ்சது. பத்துப் பதினஞ்சு வருசத்துல தேய்ஞ்சு போகும், மறுபடி ஆபரேஷன் வரலாம். உங்க வயசுக்கு முதல் வகைதான் நல்லது. தள்ளிப் போடாதீங்க, இருதயம் வீங்க ஆரம்பிச்சிருச்சு."

"எனக்கு ரெண்டும் வேண்டாம் சார்" என்று முருகம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பயம்தான் என்று நினைத்தாள் பானுப்பிரியா. எதிர் டீக்கடையில் அம்மாவை உட்கார வைத்து, போனில் படித்ததையெல்லாம் ஒப்பித்தாள். நெஞ்சைத் திறந்திருக்கும்போது ரத்தத்தை ஒரு மிஷின் ஓட்டும். அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ரெண்டு மாசம் ஆகும், அதுவரை குடத்தைத் தொடக் கூடாது.

"முழிக்கும்போது தொண்டையில குழாய் இருக்கும்மா. அதை எடுக்கிற வரைக்கும் பேச முடியாது."

"நான் ஒரு நாள் பேசாம கிடந்தா ஒங்கப்பாவுக்குத் தீபாவளி. அதுக்கா பயப்படுறேன்?"

"பின்ன எதுக்கு?"

முருகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நெஞ்சுக்குள்ள இரும்பை வச்சுக்கிட்டு எப்படிடி கேட்டைத் தாண்டுவேன்? ஒரு ஊக்குக்காக எம்புட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்! என்கூட வேலை பாக்குற ராக்காயி சும்மா விடுவாளா?"

"மாட்டு வால்வு வச்சுக்கிருவோம்."

"அதுக்கும் நெஞ்செலும்பைக் கம்பி போட்டுத்தான் கட்டுவாகளாம். நர்ஸம்மா சொல்லிருச்சு."

சிரிப்பு தொண்டை வரை வந்தது, பானுப்பிரியா விழுங்கிக்கொண்டாள். போர்மேன் சோணைமுத்துவுக்குப் போன் போட்டாள். அவரும் சிரிக்கவில்லை. "இரு தாயி, மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த டீ வருவதற்குள் கூப்பிட்டார். பானுப்பிரியா போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"யக்கா, உரசுற சாமானுக்குத்தான் தடை. நெஞ்சுக்குள்ள தைச்சு வச்சது எங்கன போய் எதோட உரசும்? ஆனா மருந்து ரூம் பக்கம் இனி வேண்டாம்னுட்டாக. ஒடம்பு தேறுனதும் கேட்டுல ஸ்டூலைப் போட்டு உக்காருங்க."

"சீசன் லோடு கிடக்கே தம்பி?"

"நீங்க மூச்சு வாங்குறதப் பாத்து எங்களுக்கு மூச்சு முட்டுது. மொதல்ல போய் அறுத்துட்டு வாங்க!"

திரும்ப வரிசையில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்தார்கள். முருகம்மாளுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி.

"அந்த வால்வு இரும்பா சார்?"

"இல்லம்மா. முக்கியமா ஒரு வகைக் கரியில செய்யறது."

"கரியா? பாத்து சார், கூடக் கொஞ்சம் கந்தகத்தையும் வெடியுப்பையும் வச்சுத் தைச்சிராதீக."

ஒரு கணம் விழித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு சொன்னார்: மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, சொல்லும்போதெல்லாம் வந்து ரத்தம் சோதிக்க வேண்டும், கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால் அதை ஒரு நாள் குவித்துத் தின்று மறு நாள் மறக்கக் கூடாது, வீடு நிசப்தமாக இருந்தால் வால்வு டிக் டிக் என்பது காதில் விழும்.

"எங்க வீட்டுல நிசப்தமா? அந்தக் கவலையே வேண்டாம்" என்றாள் பானுப்பிரியா.

கடைசியில் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் குடியேறிவிடுமாம்.

"நெஞ்சைக் காட்ட வந்தா வாயைத் திறக்கச் சொல்றாகளே" என்று முணுமுணுத்தபடி முருகம்மாள் போனாள். போகிற வழியிலேயே ராக்காயிக்குப் போன். "நான் வர்ற வரைக்கும் கேட்டு உன் பொறுப்பு. பூ வச்சிருந்தா கொண்டையைத் தடவிப் பாரு, அதுக்குள்ளதான் ஊசியை ஒளிப்பாளுக."

சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. புண் ஆறிவிட்டது. வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். வியாழன் காலை ஆபரேஷன்.