தங்கைக்குக் கொடுத்த ரத்தம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எனக்கு ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் இருந்தது. ரத்தம் ஏற்றும்போது யாருக்கெல்லாம் மஞ்சள்காமாலை வைரஸ் தொற்றுகிறது என்பது என் ஆராய்ச்சி. ரத்தம் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் பீங்கான் சூளையில் வேலை செய்பவர்கள். கையெல்லாம் வெள்ளை மண்ணாக இருக்கும். நரம்பைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று பஞ்சு தீர்ந்துவிடும். டீயும் பன்னும் கொடுப்போம். ரத்தத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பன் காய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். தொற்று இருந்தால் குழி மஞ்சளாகும். காமாலைக்கு மஞ்சள் என்று முடிவு செய்தவர் யாரோ ரசனைக்காரர். ஒவ்வொரு தட்டிலும் சுத்தமான ரத்தம் ஒன்றையும் வைக்க வேண்டும். அந்தக் குழி நிறம் மாறாமல் இருந்தால்தான் மற்றக் குழிகளை நம்பலாம். எங்கள் கூடத்தில் அந்தச் சுத்தமான ரத்தம் என்னுடையது. பி வகை வைரஸ் சோதனையில் பல வருடங்கள் உழைத்த ரத்தம், ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு சி வகை வைரஸுக்கான சோதனை கிட் வந்தது. முதல் தட்டிலேயே என் குழி மஞ்சள். தட்டைத் தூக்கிப் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. கரண்ட்டைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன், இருபது வருட அனுபவமுள்ள டெக்னீஷியன் அம்மாவைத் திட்டினேன். மூன்றாவது தட்டும் போனதும் கிட் கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன்.

அவர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள். மெலிந்த, மரியாதையான மனிதர். தன் ரத்தத்தை எடுத்து என் குழிக்குப் பக்கத்துக் குழியில் விட்டார். அவருடையது நிறம் மாறாமல் தண்ணீராகவே இருந்தது. என்னுடையது மஞ்சள்.

"கிட்டுல ஒண்ணும் இல்லைங்க சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார்.

ஊரார் ரத்தத்தையெல்லாம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவனுக்குத் தன் ரத்தத்தின் மேல் சந்தேகம் வர இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

என் ஈரலைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தவள் பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை. சில வருடங்களுக்கு முன் பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்தான் ஒரு பாட்டில் கொடுத்தேன். சி வகைக்கு அப்போது எங்கள் பக்கம் சோதனையே கிடையாது. அன்றிலிருந்து அவள் கோபப்பட்டால், "இது உங்க ரத்தம் பேசுதுங்க மச்சான், முன்னாடியெல்லாம் இவ இப்படிக் கத்தமாட்டா" என்பார் அவள் புருஷன். எனக்கு அதில் பெருமைதான்.

பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொல்லி அவள் ரத்தத்தை எடுத்துவந்தேன். மறுநாள் தட்டில் அவள் குழியை மட்டும் கடைசிவரை பார்க்காமல் இருந்தேன். பார்க்காததால் அது நிறம் மாறாமல் இருந்துவிடவில்லை.

திரும்பவும் பெண்ணாடம். வாசலில் கரும்புச் சோகையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இருக்குதா?"

"இருக்குது."

"செத்துடுவனா?"

"மருந்து இருக்குது. ரெண்டு பேரும் போட்டுக்கணும். கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாது." அதுவரை டாக்டராகப் பேசினேன். "நான் குடுத்த ரத்தத்துலதான் வந்திருக்கும்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவளுக்கு ஆம்பளை அழுதால் பிடிக்காது.

"எதுக்கு அழுவுற இப்ப? சின்னப்புள்ளையில காய்ச்சல்னு போனா அந்தக் கம்பவுண்டரு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஊசியத்தான குத்துவாரு? அப்பல்லாம் நான்தான் மொதல்ல போட்டுக்குவேன். எங்கிட்டேர்ந்துதான் ஒனக்கு வந்திருக்கும். போயி மூஞ்சியக் கழுவு."

அந்தக் கம்பவுண்டரை எனக்கும் நினைவிருக்கிறது. அவர் ஊசியை எடுத்ததும் இவள் மேசைக்கு அடியில் போய்விடுவாள். அம்மா காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் எனக்குப் போட்டு முடித்திருப்பார். ஒரு தடவைகூட அவள் முதலில் போட்டுக்கொண்டதில்லை. ஊசி வழியாகப் பார்த்தாலும் ரத்தத்தின் வழியாகப் பார்த்தாலும் என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"ஆமா" என்றேன். "நீதான் மொதல்ல."