யாரும் கேட்காத மன்னிப்புக் கடிதம்

கோர்ட்டு வாசல் டீக்கடையில் "டீயா, காப்பியா?" என்று கேட்பார்களே, அதே குரலில் அங்கே நின்றிருந்த புரோக்கர் என்னிடம், "கஞ்சாவா, அடிதடியா?" என்று கேட்டார். ஒரு வழக்குக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் நான் போனது அன்றுதான் முதல் தடவை. சட்டையை இன் பண்ணி, திருநீறு பூசி, கம்பெனி கொடுத்த பேனாவைப் பாக்கெட்டில் குத்திக்கொண்டு நின்றவனைப் பார்த்து அப்படிக் கேட்கிறானே என்று இருந்தது. ஆனாலும் "கஞ்சா" என்றேன். சொன்ன வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது.

வழக்கு என் தங்கை புருஷன் மேல். அவர்கள் மம்சாபுரத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். செட்டியார்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வருவார், சில நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போவார். லோடு ஆட்டோவுக்குக் கை காட்டி, "இந்தப் பைய அந்த முக்குல குடுத்துருங்கண்ணே" என்று யாராவது நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். மருந்து, மாட்டுத்தீவனம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் போகும். உள்ளே என்ன என்று கேட்டால் மரியாதை இல்லாதவன் என்று பெயர் வாங்க வேண்டியதுதான். ஒரு நாள் அப்படி வந்த ஒரு பையைச் செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் ஒருவரிடம் கொடுக்கப் போனார். அங்கே வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். பைக்குள் இரண்டு கிலோ கஞ்சா. கொடுத்தவனும் இல்லை, வாங்க வேண்டியவனும் இல்லை. மாப்பிள்ளை மட்டும் இருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று மத்தியானம் தெரிந்தது, தங்கை போனில் அழுததும் கஞ்சா என்கிற அந்த ஒரு சொல்லும்தான்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டு எவனாவது ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால், நாங்கள் இரண்டு மூன்று பேர் போய், "இனி இப்படி நடக்காது, மன்னித்து அனுப்பவும்" என்று எழுதிக் கொடுத்துக் கூட்டி வருவோம். எழுதுகிற வேலை என்னுடையது. என் நடையை ஒரு ஏட்டையா பாராட்டியும் இருக்கிறார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறிக் கிடந்தது.

அன்றும் ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, நேரே ஒரு வெள்ளைத்தாளை வாங்கி எழுத ஆரம்பித்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. "எனது தங்கை கணவர் கூடாத சேர்க்கையினால் இக்குற்றத்தைச் செய்துவிட்டார். குடும்பத்தின் நிலை கருதி இந்த ஒரு முறை மன்னிக்க வேண்டுகிறேன்." கீழே என் பெயரையும் விலாசத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து கஞ்சா வழக்குக்கு வக்கீல் என்று போனில் தேடினேன். அமெரிக்காவில் எங்கோ ஒரு வக்கீல் ஆபீஸ் வந்து நின்றது. அங்கே கஞ்சாக் கடை திறக்க லைசென்ஸ் வாங்கித் தருவார்களாம், பங்குதாரர் ஒப்பந்தம் எழுதித் தருவார்களாம், கேஸில் மாட்டினாலும் பார்த்துக்கொள்வார்களாம். கோட்டுப் போட்ட ஓர் அம்மா பல் தெரியச் சிரித்தார். இங்கே ஒருத்தர் எவனோ கொடுத்த பையால் கம்பி எண்ணுகிறார், அங்கே அதையே கண்ணாடி அலமாரியில் வைத்து விற்க ஆலோசனை, அதுவும் முதல் தடவை இலவசம். போனைத் தூக்கி எறியலாம் போல அருவருப்பாக இருந்தது.

ஆகவேதான் அந்தப் புரோக்கர் பின்னால் போக வேண்டியதாயிற்று. தங்கையும் கூட வந்தாள். அவர் காட்டிய வக்கீல் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒத்துக்கிடச் சொல்லுங்க. சட்டுன்னு முடிஞ்சிரும்" என்றார்.

"செய்யாதத எப்படி சார் ஒத்துக்கிடுறது? அவிய அப்படிப்பட்டவிய இல்ல" என்றாள் தங்கை.

பெரிய மனுஷன் பேசும்போது குறுக்கே பேசுகிறாளே என்று அவள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்தவர் நிலத் தகராறு வக்கீல். "நீங்க எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பதில் திருப்தியாக இருந்தது போல. "நம்ம ஆளுக இதுல மாட்டலாமா? நான் இந்தக் கேஸெல்லாம் தொடுறதில்ல, பேரு கெட்டுரும். வேணும்னா ஒரு ஆளவிட்டுப் பேசிப் பாக்கேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

மூன்றாவதாக ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனோம். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களை உட்காரச் சொல்லி, தங்கை சொன்னதை முழுசாகக் கேட்டார். "ஒரு கிலோவுக்குள்ளன்னா சின்ன கேஸு. இருவது கிலோன்னு போயிருந்தா ஜாமீனே குதிரைக்கொம்பு. நம்மது நடுவுல நிக்கு. பையில என்ன இருக்குன்னு தெரியாம வாங்கினாருன்னு சொல்லித்தான் ஜாமீன் கேக்கணும். ஸ்டேஷன்ல யாரும் எதுவும் எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஜாமீன் மனு மதுரையில் இருக்கிற போதைப்பொருள் வழக்குக் கோர்ட்டுக்குப் போனது. அரசு வக்கீல் எழுந்து, "குடும்பத்தாரே குற்றத்தை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லி என் கடிதத்தை வாசித்தார். கூடாத சேர்க்கை, குடும்பத்தின் நிலை, எல்லாம் தெளிவாகக் கேட்டது. மனு தள்ளுபடி ஆயிற்று.

வெளியே வந்ததும் வக்கீலம்மா சத்தம் போடவில்லை. "அன்னைக்கி ஸ்டேஷன்ல உங்க மாப்பிள்ள ஏதும் சொன்னாரா?"

"இல்லை."

"நீங்க கேட்டீங்களா, இது யாரு பைன்னு?"

"கேக்கல."

"பொறவு எப்படி எழுதினீங்க?"

பழக்கதோஷம் என்றேன். அது பாதிப் பொய். தங்கை அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே எனக்கு அவர் மேல் இளக்காரம். கம்பெனி வாசலில் அவர் வண்டி நின்றால் நான் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன், யாராவது சொந்தம் கேட்டுவிடுவார்களே என்று. லோடு ஆட்டோக்காரன் கஞ்சா கடத்தியிருப்பான் என்று நம்ப எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. புரோக்கரையும் கண் சிமிட்டியவரையும் பார்த்து முகம் சுளித்தேனே, அவர்கள் பேசத்தான் செய்தார்கள். மாப்பிள்ளையை ஜெயிலுக்குள் பிடித்து வைத்தது என் கை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வக்கீலம்மா சொன்னபடி பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். மாப்பிள்ளையிடம் எதையும் விசாரிக்காமல், நடந்தது தெரியாமல், நானாகவே எழுதினேன் என்று அதில் இருந்தது. தங்கை அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். வக்கீலம்மாவிடம்தான் விஷயம் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது மனுவில் ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. தினமும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

வெளியே விடுகிற அன்று ஜெயில் வாசலுக்கு நானும் போனேன். மாப்பிள்ளை பாதி ஆளாக வந்தார். தங்கை அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிப் போயிருந்தால் பரவாயில்லை. அவர் என் எதிரே வந்து நின்றார்.

"இப்பமாச்சும் கேளுங்க மச்சான்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அது யார் பை என்று நிஜமாகவே கேட்கச் சொன்னார். நான் பாக்கெட்டில் குத்தியிருந்த பேனாவைச் சரி பண்ணிக்கொண்டேன். அவர் பதிலை வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

தங்கை அவர் கையைப் பிடித்தாள். "வாங்க, பஸ்ஸு போயிரும். அண்ணன் கேக்க மாட்டாவ."