அம்மா வெள்ளையடித்த அறை

எங்கள் அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளில் பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் தயிர் வாங்கியவர்கள். இரண்டையும் வாங்கிய மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மலாயாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த அம்மா, சிறு வயதிலேயே ரப்பர் பால் வாளி தூக்கியவர். பதினாறில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அண்ணனும் நானும் பிறந்தோம். ஜப்பான் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் நின்றது. ஒரு மரவள்ளிக் கொல்லை, இரண்டு பசு, ஏழு ஆடு. இவற்றை வைத்தே அம்மா எங்களைக் காப்பாற்றினார்.

அண்ணனுக்குப் பெண் தேடியபோதுதான் வம்பு வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் அங்கே கை நனைப்பார்கள்; இல்லையென்றால் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். முதலில் வந்தவர்கள் அப்படித்தான் எழுந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ரப்பர் துண்டுகளை எரித்து வெளிச்சம் பார்த்த காலம் அது. எங்கள் உள்ளறைச் சுவர் அடுப்புச் சட்டி மாதிரி இருந்தது.

“இந்தக் கரிக்கொட்டாயிலயா எம்பொண்ணு குடும்பம் நடத்தும்?” என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று அம்மா அழுதார். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள் என்று லயத்தில் பேச்சு.

லூனாஸிலிருந்து இன்னொரு குடும்பம் ஒன்பதாம் நாள் வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அம்மா ஒரு கிடாவைக் கொடுத்து, கடலோர யான் ஊரிலிருந்து இரண்டு மூட்டை சிப்பிச் சுண்ணாம்பு வரவழைத்தார். அண்ணன் ஜப்பான்காரன் வேலைக்கு விடியலில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்குப் பதினான்கு வயது. ஆடுகள் என் பொறுப்பு. பால் கறந்து, சாணி அள்ளி, கிழங்கு பிடுங்கி முடித்த பிறகுதான் அம்மா சுவர் பக்கம் போக முடியும். கரியைச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. நடுவில் பசு கத்தினால் போட்டது போட்டபடி ஓடுவார்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஒரு யோசனை. தொட்டால் கையில் ஒட்டாத சுண்ணாம்பு வேண்டும் என்று ரப்பர் பாலை அதில் ஊற்றிக் கலக்கிவிட்டார். பால்மரத்தோடே வளர்ந்தவருக்கு வேறு எது தோன்றும்? கட்டி கட்டியாகத் திரிந்ததை அப்படியே அள்ளிப் பூசினார். மறுநாள் அது தோல் மாதிரி உரிந்து தொங்கியது. நாற்றத்தில் ஆடுகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

“போதும்மா. அவங்கள வரவேணாம்னு சொல்லி அனுப்பிடலாம்” என்றேன்.

“இன்னும் நாலு நாள் இருக்கு லா. நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

அத்தனையையும் உரித்தெடுத்தார். இந்த முறை மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சுண்ணாம்பில் ஊற்றினார். துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை சேர்த்தார். சுண்ணாம்பு சுட்டு உள்ளங்கை புண்ணாகிவிட்டது. தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு அதே கையால் பால் கறந்தார். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பெண்ணின் தாயார் நேராக உள்ளறைக்குப் போய் நின்றார். சுவர் பளிச்சென்று இருந்தது.

“யாரு வெள்ளையடிச்சது?”

“நாந்தாங்க” என்றார் அம்மா.

“மாடு கன்னெல்லாம்?”

“அதும் நாந்தான்.”

அவர் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இலையப் போடுங்க, சம்பந்தி.”

அவித்த கிழங்கும் கெட்டித் தயிரும்தான் விருந்து. வந்தவர்கள் அத்தனை பேரும் கை நனைத்தார்கள். லயமே வாசலில் நின்று பார்க்க, அம்மா நிமிர்ந்து நின்று பரிமாறினார். அம்மாவை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா திரும்பி வரவில்லை. ஆனாலும் அம்மா பேரன் பேத்திகளை வளர்த்து ஆளாக்கினார். முதுமையில் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். திட்டுவதை மட்டும் விடவில்லை.

துக்கம் கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சமைத்துப் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடைசி வாய்ப் பாலையும் ஊற்றியவர் அவர்தான். எங்கள் அம்மா எட்டு நாள் போராடி ஜெயித்துக் கொண்டுவந்தது அவரைத்தான்.