நசரத்பேட்டையில் மண் தின்றேன்

மண் தின்பது என் தொழிலில் ஒரு பகுதி. கையில் இருப்பது களிமண் பாறையா, வண்டல் பாறையா என்று சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நறநறவென்றால் வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. ஆய்வகத்தில் அரைநாள் பிடிக்கிற வேலையைப் பல் உடனே சொல்லிவிடும். உலகம் முழுக்க நிலவியலாளர்கள் செய்வதுதான் இது. ஆனால் அவர்கள் யாரும் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், கழுத்தில் தாலியோடு குந்தி உட்கார்ந்துகொண்டு செய்வதில்லை.

நான் படிப்பது இந்த நிலத்தின் பழைய ஓரத்தை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்தன. பிரியத் தொடங்கியபோது நிலம் விரிசல் விட்டது. அந்தப் பள்ளங்களில் சேறும் மணலும் இலைதழையும் சேர்ந்து இறுகிப் பாறையாயின. அந்தப் பாறைதான் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீட்டுமனைகளுக்கு அடியில் கிடக்கிறது. என்னோடு படித்தவர்கள் இமயமலைக்குப் போய்ப் பனியில் நின்று படம் அனுப்புகிறார்கள். நான் முகப்பேரில் பஸ் ஏறிப் போகிறேன். படிக்கிற காலத்தில் வெளியே தெரிந்த பாறையெல்லாம் இன்று யாருடைய வரவேற்பறைக்கோ அடியில் போய்விட்டது. யாராவது அஸ்திவாரம் தோண்டினால் எனக்கு ஆராய்ச்சி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மென்பொருள் வேலை பார்க்கும் என் கணவர், வழியில் குழியைக் கண்டால் தானாகவே வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்தாவிட்டால் வீடு வரைக்கும் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டாம் என்று இருந்ததில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஒருநாள் போதும் என்று இருவரும் சேர்ந்து நிறுத்திக்கொண்டோம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் கதைக்காக ஒளித்துவைத்தேன் என்பீர்கள்.

நசரத்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக்குக் கார் நிறுத்துமிடம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆழமான குழி. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததுமே அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடினேன். மேலே சாம்பல் நிறத்தில் என் பாறை, அடியில் அதைவிடப் பழைய கருங்கல். இரண்டும் தொடுகிற கோட்டை மாணவியாக இருந்த காலத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். நிலம் கிழியத் தொடங்கியதும் முதலில் வந்து படிந்தது எது என்பதற்கு அந்தக் கோட்டில்தான் பதில் இருக்கிறது. இரண்டு நாளில் அதன்மேல் கான்கிரீட் கொட்டப்போவதாக வாசலில் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் தகர வேலியைத் தாண்ட விடவில்லை. கல்லைப் பார்க்க வருவீர்கள், அப்புறம் பழைய காலத்து எலும்பு என்று பேப்பரில் போடுவீர்கள், வேலை நின்றுவிடும் என்றார். எலும்பெல்லாம் கிடைக்காது, மிஞ்சிப்போனால் இலைதான் என்று நான் சமாதானம் சொன்னேன். அதைக் கேட்டதும் கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

கோபத்தோடு போய், வெளியே கொட்டியிருந்த மண்மேட்டில் உட்கார்ந்தேன். வந்ததற்கு அதையாவது பார்ப்போமே என்று ஒவ்வொரு கட்டியாக எடுத்துக் கடிக்க ஆரம்பித்தேன். எனக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. உடம்பும் கொஞ்சம் போட்டிருந்தது. ஆட்களுக்குச் சமைத்துப்போடும் அக்கா ஒருவர் கழுநீர் கொட்ட வந்தார். நான் மண்ணைச் சப்புக்கொட்டித் தின்பதைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

கேட் திறந்தது. சூப்பர்வைசர் ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலியும் மறுகையில் குடையுமாக வந்தார்.

"முன்னியே சொல்லக்கூடாதா மேடம்? எம் பொண்டாட்டி அடுப்பாங்கர செவுத்தையே நக்குனவ" என்றார்.

மோர் வந்தது. கண்டங்கள் நகர்ந்த கதையைக் கண்டுபிடிக்கிற மூளைக்கு, இவர்கள் எதை நினைத்துக்கொண்டு உபசரிக்கிறார்கள் என்று புரிய அந்த மோரைக் குடித்து முடிக்க வேண்டியிருந்தது. மசக்கை! அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று பதறிப்போய்ச் சொன்னேன். சமையல்கார அக்கா சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தார். மூன்று மாதம் முடியாமல் யார்தான் வெளியே சொல்வார்கள்? நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது.

சரி, அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும் என்பார்கள். என் பாறையை நான்தான் பார்த்தாக வேண்டும். கருங்கல்லைத் தொடுகிற இடத்து மண்தான் வேண்டும் என்றேன். உடனே கொண்டுவரச் சொல்கிறேன் என்றார் சூப்பர்வைசர். இல்லை, நானே இறங்கிப் பார்க்கவேண்டும் என்றேன். முந்தின நாள் மழையில் லாரி இறங்கும் சரிவு வழுக்கிக் கிடந்தது. புள்ளத்தாச்சியை அதில் நடக்கவிட யாரும் தயாராக இல்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டதை இல்லை என்று சொல்லவும் மனமில்லை. கடைசியில் பொக்லைனை வரவழைத்தார்கள். அதன் பக்கெட்டில் சாக்கை மடித்துப் போட்டு, என்னை உட்காரவைத்து, கல்யாணப் பெண்ணை அழைத்துப்போவது மாதிரி மெதுவாகக் குழிக்குள் இறக்கினார்கள்.

இறங்கியதும் அந்தக் கோட்டில் கையை வைத்தேன். ஒரு கண்டம் உடைய ஆரம்பித்த இடம். காம்பஸை எடுத்துப் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்தேன். ஈசான மூலை சரியாக இருக்கிறதா என்று மேலிருந்து கேட்டார்கள். பையிலிருந்து சுத்தியலை எடுத்ததும், பின்னாலேயே சறுக்கிக்கொண்டு இறங்கிவந்த சூப்பர்வைசர் அதைப் பிடுங்கிக்கொண்டு நான் காட்டிய இடத்தில் தானே உடைத்தார். உடைத்ததைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது பல்ல ஒடச்சிரும் மேடம். அந்தாண்ட மெத்துனு கீது, அத்த எடுத்துக்கோங்க."

கடித்தேன். வண்டல். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்கு நிறையக் கட்டிப் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆள் வைத்துத் தூக்கி அனுப்பினார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கட்டுரை எழுதி அனுப்பினேன். ஓர் இடத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னோர் இடத்திலும் அதே கோட்டைக் காட்டினால்தான் வெளியிடுவோம் என்று திருப்பிவிட்டார்கள். மறு வருடம் அதே மனையில் அடுத்த கட்டடத்துக்குக் குழி தோண்டினார்கள். அதே சூப்பர்வைசர், அதே சமையல்கார அக்கா. எனக்கு வேறு குழி கிடையாது. நடந்ததை உடைத்துச் சொல்லிவிடலாம், அதற்குப் பிறகும் உள்ளே விட்டால் விடட்டும் என்று கிளம்பினேன்.

அக்காதான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்து ஓடிவந்தார். அவர் பார்வை என் வயிற்றுக்குப் போனது, கைகளுக்குப் போனது, பின்னால் யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்வந்தது. யாரும் வரவில்லை. முகம் வாடியது.

"அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் இல்ல. எனக்குக் குழந்தையே உண்டாகல" என்றேன்.

அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"செரி கண்ணு. உண்டாவவே இல்லன்னு நெனச்சிக்கோ. அப்டித்தான் தாங்கிக்கணும்."

சூப்பர்வைசர் வந்தார், அக்காவைப் பார்த்தார். பொக்லைன்காரருக்குக் கைகாட்டினார். பக்கெட்டில் சாக்கைப் போட்டு, அதன்மேல் தன் தோளில் இருந்த துண்டையும் விரித்தார். போன தடவையைவிட மெதுவாக இறக்கினார்கள்.

கீழே அதே கோடு, அவ்வளவு தெளிவாக. காம்பஸை எடுத்தேன். எத்தனையோ டாக்டர்கள் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. எந்தக் குழந்தைக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க முடியவில்லை. மேலே யாரும் அவசரப்படுத்தவில்லை. பொக்லைன் எஞ்சினைக்கூட அணைத்துவிட்டார்கள்.