வண்டுக்கு லெவி இல்லை

1. லாரி திரும்பி வந்த நாள்

மில்லிலிருந்து காலையில் போன் வந்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. அன்றைக்கும் இல்லை.

"விமலா அக்கா, உங்க லாரிய எறக்கறதா, திருப்பி அனுப்பறதான்னு தெரியல. நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க லா" என்றான், அங்கே பழக் குலைகளுக்குத் தரம் பார்க்கும் கிரேடர்.

நான் அப்போது சிம்பாங் ரெங்கம் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. வெளிக்காட்டு வேலையை மேற்பார்வை பார்க்கிறவருக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். பெண் கண்டக்டர் என்பதால் முதல் வருஷம் எல்லாரும் என்னை வேடிக்கை பார்க்க வந்தார்கள். அதற்குப் பிறகு என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். இரண்டும் எனக்குப் பழகிப்போயிருந்தது.

மில் முற்றத்தில் கிரேடர் ஒரு குலையைக் கோடாலியால் பிளந்து போட்டிருந்தான். வெளிப்பக்கப் பழங்கள் நன்றாகச் சிவந்திருந்தன. உள்ளே எல்லாம் வெள்ளை வெள்ளையாக, கொட்டையே இல்லாத சூம்பல்கள். தூக்கிப் பார்த்தால் குலைக்கு உண்டான கனமே இல்லை.

"இதப் பிழிஞ்சா எண்ணெய் வராது அக்கா. நம்ம கண்ணுல தண்ணிதான் வரும்" என்றான்.

படம் எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் காட்டினேன். மிஸ்டர் பெனடிக்ட் தலைநகர் கேஎல்லிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பூட்ஸ் எப்போது பார்த்தாலும் சுத்தமாக இருக்கும். மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "பழுக்காத குலைய வெட்டிருக்கானுங்க. பதினாலாம் பிளாக்கு ருஸ்டி கேங்குதானே? அவனுங்க பெர்மிட்டு இந்த மாசத்துலேருந்து ஒன்னொன்னா முடியுது. ரினியூ பண்ண வேணாம். அனுப்பிடுங்க."

ருஸ்டி லொம்போக் தீவிலிருந்து வந்த வெளிநாட்டு வேலையாள். பதினோரு வருஷமாக எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர். பெர்மிட் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பழுக்காத குலையில் பழம் உதிராது. மில்லில் நான் தொட்டதும் பழங்கள் என் காலடியில் உதிர்ந்தன. குலை பழுத்ததுதான், வெட்டியவர் மேல் தப்பில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆபீசில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓகே சார்" என்றேன்.

2. தோட்டத்தை அழகுபடுத்திய கதை

இந்தக் கூத்து ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

ஹெட் ஆபீசிலிருந்து டைரக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் தோட்டம் 'நிலையான வளர்ச்சி' சர்டிபிகேட் வாங்கியிருந்தது. அதை அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். பாதை ஓரமெல்லாம் மஞ்சள் பூச்செடிகள் புதர்போல் மண்டிக் கிடந்தன. காலை எட்டு மணிக்கு விரிவதால் எட்டு மணிப் பூ என்போம். நான்தான் ஆள் வைத்து நட்டேன். அழகுக்காக இல்லை. செம்பனை ஓலையைத் தின்கிற புழுக்களைக் கொல்லும் ஒரு சின்னக் குளவி உண்டு, அதற்கு அந்தப் பூவின் தேன்தான் சாப்பாடு.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஒரே செமாக்கா கெடக்கு? க்ளீன் பண்ணுங்க" என்றார். செமாக் என்றால் புதர்.

"சார், அது குளவிக்கு…"

"குளவியா? டைரக்டரக் கொட்டினா யார் பதில் சொல்றது?"

களைக்கொல்லி அடித்து எல்லாவற்றையும் கருக்கினோம். அந்த இடத்தில் பெரிய போர்டு ஒன்று நட்டோம். 'இயற்கையைப் போற்றுவோம்' என்று மூன்று மொழியில் எழுத்து. எழுத்தைச் சுற்றி மஞ்சள் பூக்கள், பெயின்ட்டில். டைரக்டர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதத்தில் பேக்வோர்ம் வந்தது. ஓலையைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தனக்குச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் புழு இது. முன்பும் அங்கங்கே இருந்ததுதான். இப்போது அதைக் கொல்ல குளவி இல்லை. பதினாலாம் பிளாக்கில் இளம் மரங்கள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். ஓலையெல்லாம் காய்ந்து, நெருப்பு வைத்ததுபோல் ஆகிவிட்டது.

மேனேஜர் ட்ரோன் கம்பெனியைக் கூப்பிட்டார். புழுவை மட்டும் கொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் மெதுவாக வேலை செய்யும். அவர் கேட்டது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொல்லும் மருந்து. அதையே அடித்தார்கள். புழு செத்தது. சில வாரத்தில் திரும்பி வந்தது. மிச்சம் மீதி இருந்த குளவியும் செத்திருந்தது, அது மட்டும் திரும்பி வரவில்லை. மறுபடி ட்ரோன், மறுபடி புழு. ஒவ்வொரு தடவையும் மருந்து அடிக்கும் படிவத்தில், அதாவது பாரத்தில், தேதி போட்டுக் கையெழுத்து வைத்தது நான்தான்.

3. விருந்தாளி வராத பூ

மில் போன் வந்து ஐந்து வாரத்துக்குள் ருஸ்டியின் ஆட்களில் மூன்று பேருக்குப் பெர்மிட் முடிந்துவிட்டது. மூவரும் பெட்டியோடு ஆபீஸ் வாசலில் வேனுக்காக நின்றார்கள். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. அவசரமே இல்லாத பைல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிட்டு முடித்ததும் ருஸ்டி என் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"காக், நாங்க பிஞ்சா வெட்டினோம்னு நீங்களும் நம்பறீங்களா?"

காக் என்றால் அக்கா. நான் பெயர்ப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சரி. பதினாலாம் பிளாக்குக்கு வாங்க. ஒன்னு காட்டறேன்."

போனேன். ஒரு மரத்தில் ஆண் பூ விரிந்திருந்தது. செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ விரிந்தால் சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கும். உடம்பில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அங்கிருந்து பெண் பூவுக்குப் போகும். அதனால்தான் கொட்டை பிடிக்கிறது, குலை கனக்கிறது, மில் ஓடுகிறது. மரத்தடியில் நின்றாலே சட்டைக் காலருக்குள் விழுந்து ஊரும். முப்பது வருஷமாக அதைத் திட்டிக்கொண்டேதான் வேலை பார்த்தேன்.

அன்றைக்கு என் கழுத்தில் ஒன்றும் ஊரவில்லை. வாசனை மட்டும் கமகமவென்று வந்தது.

"பூ பந்தி போட்டுடுச்சு. விருந்தாளிதான் ஒருத்தரும் வரல" என்றார் ருஸ்டி. "ட்ரோன் வர ஆரம்பிச்சதிலேருந்து இப்படித்தான். நான் வெட்டுக்காரன், நான் சொன்னா யார் கேப்பாங்க?"

பூ பிடித்ததிலிருந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். விரலை மடக்கிப் பார்த்தேன். நாங்கள் முதல் தடவை ட்ரோன் விட்ட மாதத்துப் பூக்கள்தான் மில்லில் சூம்பிக் கிடந்த குலைகள். அதற்குப் பிறகும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தோம். ஆக, வரப்போகிற குலைகளும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வண்டு நம் ஊர்ப் பூச்சி இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அது வருமுன் மகரந்தத்தைப் பவுடரில் கலந்து பெண் பூவுக்குள் ஊதும் வேலையைப் பெண்கள்தான் செய்தார்கள். என் அம்மாவும் செய்தார். வண்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. "பூச்சிக்கு வேல குடுத்துட்டு மனுசன வெரட்டறானுங்க" என்று கடைசிவரை கம்பெனியைத் திட்டினார். அவருடைய வேலையை எடுத்துக்கொண்ட பூச்சியை அவர் பெற்ற மகள் தீர்த்துக்கட்டியிருக்கிறாள்.

4. பவுடர் பூசிய பெண்கள்

அன்றைக்கே மேனேஜரிடம் போனேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

"சார், வெட்டுக்காரங்க மேல தப்பு இல்ல. குலை பழுத்ததுதான். நம்ம மருந்து வண்டையெல்லாம் கொன்னுடுச்சு."

"அப்ப தப்பு என் மேலன்னு சொல்றீங்களா?"

"நீங்க ஆர்டர் போட்டீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேர் மேலயும்தான்."

அவர் கதவைச் சாத்தினார். "விமலா, இத எழுதிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் பிரச்சன. பேசாம இருங்க. வண்டு இல்லன்னா கையால செய்யச் சொல்லுங்க. அந்தக் காலத்துல செய்யலயா?"

சிம்பாங் ரெங்கம் டவுனிலிருந்து ஆறு பெண்களை வேனில் கூட்டி வந்தோம். மகரந்தத்தைச் சலித்து, டால்கம் பவுடரில் கலந்து, ஊதும் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும். அதற்குள் கண்டுபிடித்து ஊத வேண்டும், மறுநாள் அடுத்த மரம், அதற்கு மறுநாள் திரும்ப முதல் மரம். மட்டையில் முள் வேறு. மதியத்துக்குள் ஆறு பேர் முகமும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். ஒருத்தி சொன்னாள்: "கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ பவுடர் போட்டதில்லக்கா." இவ்வளவு பாடுபட்டும் பிளாக்கில் கால்வாசி மரத்துக்குக்கூடக் கை எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் மறுபடி வந்தார். மில் ரிப்போர்ட் அவர் கைக்குப் போயிருந்தது. பதினாலாம் பிளாக்கில் காரை நிறுத்தி இறங்கியவர், பவுடர் முகத்தோடு மரத்தடியில் நின்ற பெண்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் என்னிடம் கேட்டுவிட்டார்.

"இவங்க என்ன செய்றாங்க?"

"வண்டு வேலை செய்றாங்க டத்தோ." டத்தோ என்பது அவருடைய பட்டம்.

"வண்டு எங்க?"

"கொன்னுட்டோம்."

மேனேஜர் இருமினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெயிலாக இருக்கலாம். ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை.

"டத்தோ, இந்தத் தோட்டத்துல ரொம்ப நல்ல வெளிநாட்டு வேலையாள் அதுதான். அதுக்கு கவர்மெண்டுக்கு லெவி வரி கட்ட வேணாம், பெர்மிட் வேணாம், தங்க வீடு வேணாம். உடம்பு சரியில்லன்னு எம்.சி. போடாது. பொதுவிடுமுறையிலயும் வேலை செய்யும். அத நாங்க கூலி குடுத்து, ட்ரோன் வச்சுக் கொன்னோம். அந்தப் பழிய ருஸ்டி ஆளுங்க மேல போட்டு மூனு பேர ஊருக்கு அனுப்பிட்டோம். மீதிப் பேரோட பெர்மிட்டு மேனேஜர் மேசையில கெடக்கு."

பின்னால் ஒரு பெண் பாட்டிலை 'புஸ்' என்று அமுக்கினாள். பூ திறந்திருந்ததாம், விட மனசில்லையாம்.

"மருந்து பாரத்துல யார் கையெழுத்து?" என்றார் டைரக்டர்.

"என்னோடது."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். மேனேஜரும் கூடவே ஏறினார். ஏறும்போது பார்த்தேன், அவர் பூட்ஸில் முதல் தடவையாகச் சேறு.

5. ஹாஜியின் குப்பை

அந்த வாரமே ட்ரோன் நின்றது. ருஸ்டிக்கும் மீதி நாலு பேருக்கும் பெர்மிட் வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, நியாயமான கடிதம்தான். மேனேஜரை ஹெட் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு நிலையான வளர்ச்சிப் பிரிவில் பெரிய பதவி கொடுத்ததாகக் கேள்வி. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மருந்து நின்றால் மட்டும் போதாது, வண்டு வர வேண்டும். எங்கள் எல்லையை ஒட்டி ஹாஜி சமாட் என்பவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை இருந்தது. புல் முழங்கால் உயரம், நடுவே ஆடுகள். காசு செலவாகும் என்று எந்த மருந்தும் வாங்க மாட்டார். அதைக் காட்டித்தான் புது ஆட்களுக்கு, 'தோட்டத்தை இப்படி வச்சிருக்கக் கூடாது' என்று நான் பாடம் எடுப்பேன். அவருடைய ஆண் பூக்களில் வண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

வண்டு முட்டையிட்டுப் பெருகுவது வாடிப்போன ஆண் பூவில்தான். வாடிய பூக்களைக் கேட்டு நானும் ருஸ்டியும் ஹாஜியிடம் போனோம்.

"கம்பெனிக்காரங்க என்கிட்ட குப்பை கேட்டு வந்திருக்கீங்களா?" என்று ஹாஜி சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தார். கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு சொன்னார்: "எடுத்துக்கங்க. காசு வேணாம். உங்க ட்ரோன் மட்டும் என் ஆட்டுத் தலைக்கு மேல பறக்கக் கூடாது."

வாடிய பூக்களைக் கூடையில் அள்ளி வந்து பதினாலாம் பிளாக்கில் மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டோம். பாதை ஓரம் எட்டு மணிப் பூவை மறுபடி நட்டோம். புழு முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் அடங்கியது. சில வாரம் கழித்து ஒரு காலை, ருஸ்டி தன் கழுத்தைப் பட்டென்று தட்டிக்கொண்டார். விரலை விரித்துக் காட்டினார். ஒரு வண்டு. இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

குலைகள் கனத்து வர அடுத்த வருஷம் ஆனது. ஊருக்குப் போன மூவருக்கும் ருஸ்டி போன் போட்டார், கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது என்று. ஒருவர் வரவே இல்லை, அங்கேயே மீன்பிடிக்கப் போய்விட்டார். ஒருவர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். மூன்றாமவர் போனை எடுக்கவில்லை.

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நீங்கள் பார்ப்பது தோட்டமோ, தொழிற்சாலையோ, சிங்கப்பூரில் ஏசி ஆபீசோ, எதுவாகவும் இருக்கட்டும். எங்கேயோ ஒரு பூச்சி, ஓர் ஆறு, ஒரு புல் உங்களுக்காகச் சும்மா வேலை செய்துகொண்டிருக்கும். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பதவிப் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. அதைக் கொல்லும் காகிதம் ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும், கையெழுத்துக்கு. அப்போது கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன், பிறகு கேட்டேன். வெட்டியவர் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்க ஐந்து வாரம் தாமதம். வண்டு அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டது. மனிதர்களுக்கு அது முடியவில்லை.