தம்பியோடு நடத்திய போர்

என் தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தபோதுதான் நான் அவனோடு போருக்கு இறங்கினேன். வேலையை விட்டான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவன் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்தது, மெயில் வந்தது, கடைசியில் கடிதம் வந்தது. கட்டட வரைபடம் வரைகிற வேலை அது. அவனுக்குப் பிடித்த வேலை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னார்களா, பெண் விவகாரமா என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவனிடமும் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

குவீன்ஸ்டவுனில் நாங்கள் பிறந்து வளர்ந்த மூவறை வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும் இருந்தார்கள். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் கல்யாணமாகி தீவின் வடக்கு ஓரத்தில், செம்பவாங்கில் இருக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தேக்கா பக்கம் இருக்கும் தேவாலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவார். பூசை முடிந்து, மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்துக்கு நான் வந்து உட்கார ஆரம்பித்தேன். அவனைத் தனியாக விட பயமாக இருக்கிறது என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. "நீ வந்தின்னா நான் நிம்மதியா பூசை பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் வருவேன், ஹாலில் உட்காருவேன், அவன் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்திருந்தான். மாத்திரை சாப்பிட்டானா இல்லையா என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தான். தலைக்கு மேலே இருந்த அலமாரியில் அவனுடைய போர்ப் பொம்மைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். கேடயம் பிடித்த எலும்புக்கூடுகள், தாடி வைத்த குள்ளர்கள், குதிரைமேல் ஒரு பிணராஜா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கி, தானே ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் அடித்தவை. அப்போது நாலைந்து நண்பர்கள் வருவார்கள், சனிக்கிழமை முழுக்க டைஸ் உருட்டுவார்கள். அவர்களில் ஒருவன் இப்போது பெர்த்தில் இருக்கிறான். இன்னொருவனுக்கு இரட்டைக் குழந்தை.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "இத எப்படிடா விளையாடறது?"

அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை என்றே நினைத்தேன்.

"உனக்குப் புரியாது க்கா."

"சொல்லிக் குடு."

"ரொம்ப நேரமாகும்."

"எனக்கு இன்னிக்கு ஒரு வேலையும் இல்ல."

எழுந்து உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான உரையாடல் அதுதான்.

சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்தோம். துணிக்கு அடியில் என் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கியதும் குன்று வந்துவிட்டது. டிஷ்யூ பெட்டி கோட்டையானது. குள்ளர் படையை எனக்குக் கொடுத்தான். எலும்புக்கூடுகளை அவன் எடுத்துக்கொண்டான். ஒரு வீரன் எத்தனை அங்குலம் நடக்கலாம் என்பதை அளவுநாடா வைத்து அளக்க வேண்டும். அம்பு பட்டதா, பட்டவன் செத்தானா என்பதை டைஸ் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். விதிப்புத்தகத்தில் மீதி இருநூறு பக்கமும் அதற்கான விதிவிலக்குகள்.

"ஒரே ஆட்டத்தோட முடிஞ்சா இதுல ஒண்ணுமே இல்ல," என்றான் இரண்டாவது வாரம். "காம்பெயின் மாதிரி ஆடணும். ஒரு சண்டையில செத்தவன் அடுத்த சண்டைக்கு வரமாட்டான். அடிபட்டவன் நொண்டிக்கிட்டேதான் வருவான். நாடு நாடா பிடிக்கணும்."

"அப்ப மேப் வேணுமே?"

"போடறேன்."

பள்ளியிலிருந்து மாஜோங் பேப்பர் என்கிற பெரிய வெள்ளைத் தாள் இரண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் புதன்கிழமை வகுப்பு நேரத்தில் அம்மா போன் செய்தார். பிள்ளைகளை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு வெளியே வந்து எடுத்தேன். அம்மா கிசுகிசுத்தார்.

"அவன் ஹால்ல உக்காந்து ஏதோ படம் போடறான்மா."

"என்ன படம்?"

"தெரியல. ஆறு மாதிரி இருக்கு. நான் கேக்கல. சமையக்கட்ட விட்டு வெளியவே வரல நான்."

ஆறு மட்டுமில்லை. சதுப்பு நிலம், இரண்டு கணவாய், ஒரு எரிந்த நகரம், கடலோரம் ஒரு சின்ன நாடு. மொத்தம் ஒன்பது நாடுகள். பென்சிலில் போட்டு, மேலே பேனாவில் இழுத்து, ஒவ்வொரு மலைக்கும் நிழல்கூடப் போட்டிருந்தான். அவனிடம் "நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னேன்.

முதல் இரண்டு சண்டையிலும் நிஜமாகவே தோற்றேன். மூன்றாவதில் டைஸ் எனக்குச் சாதகமாக விழுந்து ஜெயித்தேன். அவன் மேசையில் ஓங்கித் தட்டி "சீட்டிங்லா இது" என்றான், சிரித்துக்கொண்டே. அன்றைக்கு அம்மா வந்தபோது மேசையை ஒதுக்கவில்லை. மூன்று பேரும் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான். அம்மா என்னைப் பார்க்காமலே என் முழங்காலில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

பிறகு சிவப்பு பெயின்ட் தீர்ந்துபோனது. என் படைத்தலைவனுக்கு மேலங்கி பூசிக்கொண்டிருந்தான், பாதியில் டப்பி காலி. ஆன்லைனில் ஆர்டர் பண்ணலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவன் வெளியே போக இருந்த ஒரு சாக்கையும் கெடுத்தேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நேர்ல பார்த்தாத்தான் கலர் தெரியும்" என்றான்.

இரண்டு பேரும் கிளம்பினோம். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதி, மூன்றாவது மாடியில் இந்தப் பொம்மையும் பெயின்ட்டும் விற்கிற கடை. ஏழெட்டு டப்பியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்தான். கடைக்காரர் அவனை ஞாபகம் வைத்திருந்தார். "லாங் டைம்!" என்றார். அவனும் தலையை ஆட்டினான். வெளியே வந்தபோது தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவன் தோள் என் தோளில் இடிக்கிற மாதிரி ஒட்டியே நடந்தான். ஆனால் நடந்தான். மார்க்கெட்டில் பிரியாணி சாப்பிடலாம் என்று அவனே சொன்னான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவைப் பார்த்தேன். மீன் கடைகள் இருக்கும் பக்கத்திலிருந்து காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தம்பி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம், சொல்லாதே என்று கையை அசைத்தார். ஒரு நிமிஷம் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். மாலையில் வீட்டில், "எங்க போனீங்க?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

அன்றைக்கு செம்பவாங் திரும்பும் ரயிலில், இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கேதான் நான் கெட்டேன்.

ஜெயித்தால் அவனுக்குத் தெம்பு வரும் என்று நினைத்து அடுத்த சண்டையில் பாலத்தைக் காவலில்லாமல் விட்டேன். அதற்கடுத்த வாரம் கணவாயில், குன்றின்மேல் நின்ற என் வில்லாளிகளைச் சமவெளிக்கு இறக்கினேன். பாலர் பள்ளியில் பிள்ளைகளிடம் தோற்பது எனக்குப் பழக்கம். யாருக்கும் தெரியாமல் தோற்கத் தெரியும் என்று நம்பியிருந்தேன். அவன் அளவுநாடாவைக் கீழே வைத்தான்.

"ஏன் மேட்ட விட்டு இறங்கினாங்க உன் ஆளுங்க?"

"தெரியாம இறக்கிட்டேன்டா."

"போன வாரம் பாலத்தையும் தெரியாமத்தான் விட்டியா?"

நான் அளவுநாடாவை எடுத்துச் சுருட்டினேன்.

"க்கா, நான் உன் கே-ஒன் கிளாஸ் பிள்ளை இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் என் வில்லாளிகளை ஒவ்வொருவனாக எடுத்துத் திரும்பக் குன்றின்மேல் நிறுத்தி, "இப்ப ஆடு" என்றான். ஆடினேன். உண்மையாகவே ஆடி ஜெயித்தேன். அவனுடைய பிணராஜா குதிரையோடு விழுந்தான். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது ஆட்டம்" என்றான். அவன் முகம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் டைஸைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். என் கணவரின் நண்பர் ஒருவருக்கு, ரயில் பாதையின் கடைசி நிலையமான பாசிர் ரிஸ்ஸில் ஆபீஸ். வரைபடம் வரைய ஆள் தேடுகிறார்கள். "புதன்கிழமை சும்மா போய்ப் பேசிட்டு வாயேன். பிடிச்சா பாரு, இல்லன்னா விட்ரு."

கையில் டைஸ் குலுங்குவது நின்றது. "சரி க்கா," என்றான். உடனே சரி என்றானே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தோம் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை அம்மா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டான் என்று எனக்கு மெசேஜ் வந்தது. பதினொன்றரைக்கு என் கணவர் போன் செய்தார். "அவன் வரலயாம்."

அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பள்ளியில் சொல்லிவிட்டு குவீன்ஸ்டவுனுக்கு ஓடினேன். அம்மா வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தையே பார்த்து நின்றார். என்ன நினைத்தோமோ அதை இரண்டு பேருமே வாயால் சொல்லவில்லை. நாலரை மணிக்கு லிஃப்டிலிருந்து இறங்கி வந்தான். சட்டை கசங்கவேயில்லை.

"பாசிர் ரிஸ் போனேன்," என்றான். "இறங்க முடியல. அதே டிரெயின்ல திரும்பி வந்தேன். அப்புறம் மறுபடி போனேன்."

"எத்தன தடவடா?"

"எண்ணல."

அம்மா தண்ணீர் கொண்டுவரப் போனார். அவன் காலணியைக் கழற்றி நேராக வைத்துவிட்டு அறைக்குள் போனான். "சாரி க்கா. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு," என்று கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தான் என்பதே எனக்கு ஆச்சரியம். குளித்திருந்தான். வரைபடத்தை விரித்தேன். அவன் கையில் அப்போது நாலு நாடு இருந்தது. எரிந்த நகரத்தின்மேல் படையெடுப்பதாகச் சொன்னேன்.

"பின்வாங்கறேன்."

"என்னது?"

"சண்ட போடாம நாட்ட விட்டுட்டுப் போலாம். ரூல் இருக்கு."

"ஆடிப் பார்க்கலாமேடா."

"ரூல்ல இருக்கு க்கா."

எரிந்த நகரத்தை என் நிறத்தில் தீட்டினேன். அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். அடுத்த வாரமும் அதே வார்த்தை, அதற்கடுத்த வாரமும். ஐந்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வேலை பற்றிப் பேசமாட்டேன், இனி எதைப் பற்றியும் பேசமாட்டேன், வெறுமனே ஆடலாம் என்று கெஞ்சினேன். அவன் எனக்காக வருத்தப்படுகிற மாதிரி பார்த்தான். "உன் மேல கோபம் இல்ல," என்றான். "எனக்கு முடியல. அவ்வளவுதான்."

நாலாவது வாரம் கதவு திறக்கவில்லை. கடலோர நாடு ஒன்றுதான் மிச்சம். கதவுக்கு வெளியே நின்று, "நான் இன்னிக்குப் படையெடுக்கல. அது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"நீயே எடுத்துக்க," என்று குரல் வந்தது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல். கடைசியில் அதையும் என் நிறத்தில் தீட்டினேன்.

அம்மா பூசை முடிந்து வந்தார். மேசையில் வரைபடம் கிடந்ததைப் பார்த்தார். ஒரே நிறமாக இருந்தது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"யாரு ஜெயிச்சா?"

"நான்தாம்மா."

பையிலிருந்த கறிவேப்பிலையை எடுத்து உருவிக்கொண்டே நின்றார். என்னைக் குறை சொல்கிற தொனியே இல்லாமல், "ஒரு தடவ அவன ஜெயிக்க விட்டிருக்கலாம்லமா," என்றார்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்க அம்மாவுக்கு மேசை வேண்டியிருந்தது. பொம்மைகளை நான்தான் பெட்டியில் அடுக்கினேன். குள்ளர்களுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் நடுவில் துணி வைத்து மூடினேன். பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டதற்கு, எங்கேயாவது வை என்றான்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது வேறு டாக்டர், வேறு மாத்திரை. நாள் பிடிக்கும் என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் அதற்கும் நாள் பிடிக்கும் என்கிற மாதிரிப் பார்க்கிறார்கள். நான் அவசரப்படாமல் இருந்திருந்தால் அவன் ஒவ்வொரு வாரமாக, ஒவ்வொரு நாடாக வெளியே வந்திருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் இல்லை என்கிறார். எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும், உன் மேல் போட்டுக்கொள்ளாதே என்கிறார். அது ஆறுதலுக்குச் சொல்வது. ஆனால் அது உண்மையாக இருந்தால், அந்த ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஒரு அர்த்தமும் இல்லை என்றாகிவிடும். எதை நம்புவது என்று புரியாமல் இரண்டையும் மாறி மாறி நம்புகிறேன்.

இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி ஒரு மணி நேரப் பயணம். அம்மா பூசைக்குக் கிளம்பிப் போவார். நான் பள்ளி வேலையை எடுத்துப் போய் அந்த மேசையில் உட்கார்ந்து செய்வேன். போன வாரம் பிள்ளைகளுக்காக அட்டையில் மீன்கள் வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. கதவு திறந்து அவன் வெந்நீர் எடுக்க வந்தான். மெலிந்து போயிருந்தான். தாடி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"மழையா?" என்றான்.

"ஆமாடா. காலையிலேர்ந்து."

கோப்பையைப் பிடித்தபடி எதிரே இருந்த அடுக்குமாடி புளோக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். உட்காரேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவன் உள்ளே போனான். நான் மிச்சமிருந்த மீன்களை வெட்டினேன்.