சரிகையில் ஓடிய கரன்ட்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். மிக்ஸி, ஃபேன், சுவர்க் கடிகாரம் எல்லாமே என் கையில் ஒருமுறையாவது குடலைக் காட்டியிருக்கின்றன. அவற்றில் பாதி திரும்பவும் ஓடின. அந்தப் பாதியை வைத்துத்தான் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எனக்குக் கைராசிக்காரன் என்று பேர்.

வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி. அவள் தறி இருட்டு மூலையில் இருந்தது. சேலையின் கரையில் சரிகைப் பூ விழுவது சரியாகத் தெரியவில்லை, பக்கத்தில் ஒரு லைட் போடுங்கள் என்று கேட்டாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

சுவிட்ச் பெட்டியிலிருந்து இழுத்த ஒயர் இரண்டு முழம் போதவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்தேன். எப்படிச் சேர்த்தேன் என்பதுதான் வேடிக்கை. தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைச் சேர்க்கும்போது நாங்கள் முடிச்சுப் போடமாட்டோம். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையின் நுனியையும் சேர்த்து முறுக்குவோம். இழுத்தாலும் விடாது. பட்டே விடாதபோது செம்பு விடுமா என்று ஒயரையும் அப்படியே முறுக்கினேன். டேப் தீர்ந்துபோயிருந்ததால் மேலே ஒரு துணியைச் சுற்றினேன். ஆடாமல் இருக்க, கழிவுச் சரிகையால் தறியின் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கட்டினேன். மிச்ச நுனியை வெட்டவில்லை. லைட் பளிச்சென்று எரிந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் நெய்துகொண்டிருந்தவள், கையில் எறும்பு கடிக்கிறது என்றாள். எறும்பைத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. சேலையின் நடுவில் தொட்டுப் பார் என்றேன். ஒன்றும் இல்லை. இடது கரையில் தொடச் சொன்னேன். அங்கேயும் இல்லை. வலது கரையில் விரலை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நிச்சயமா, இன்னொரு முறை பார் என்றேன். பார்த்தாள்.

டெஸ்டரை எடுத்து வந்து வைத்தேன். பட்டில் வைத்தால் எரியவில்லை. வலது கரைச் சரிகையில் வைத்தால் உள்ளே இருந்த குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. சுற்றிய துணி நழுவி, கட்டிய சரிகை செம்பில் பட்டிருந்தது; அதன் நுனி தொங்கி வந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரிகை என்றால் பட்டின் மேல் சுற்றிய வெள்ளிதானே! இத்தனை வருஷம் கையில் புழங்கியும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று ஆச்சரியம். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

தெருமுனை டீக்கடையில் எலக்ட்ரீஷியன் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் போய்ச் சேலையில் கரன்ட் ஓடுகிற அதிசயத்தை விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"வீட்டம்மா இப்ப எங்க உக்காந்துக்கினு இருக்காங்க?" என்றார்.

தறியில்தான் என்றேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மெயினை இறக்கினார்.

அவள் நல்லபடியாகவே இருந்தாள். எப்படித் தப்பினாள் என்று கேட்டேன், அப்போதும் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தறிக்குக் கீழே நெய்பவர் கால் தொங்கவிடும் குழிக்குள் அவர் எட்டிப் பார்த்தார். கால் இரண்டும் காய்ந்த மிதிக்கட்டை மேல் இருந்ததால் எறும்புக்கடியோடு போயிற்று, குழி மண்ணில் ஊன்றியிருந்தால் கதையே வேறு என்றார். அந்த மண்ணில் போன வார மழையின் ஈரம் இன்னும் இருந்தது.

ஒயரை மாற்றி, கசிந்தால் தானே நிறுத்துகிற டிரிப்பர் ஒன்றையும் மாட்டிவிட்டுப் போனார். அவளை உட்காரவைத்து நாலு முறை தொடச் சொன்னவன் நான். டெஸ்டர் எட்டடி தூரத்தில், அலமாரியில் இருந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

கடிக்கிறது என்று தெரிந்தும் ஏன் மறுபடி மறுபடி தொட்டாய் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீங்க தெரிஞ்சிக்கினுதானே சொல்றீங்கன்னு தொட்டேன்" என்றாள்.